தூதுப் பொருளும் தூதின் பொருளாதாரமும்: புளியங்குளத்தில் உடனடிச் செய்திச் சேவைகள்

தமிழிலே தூது என்னும் பிரபந்த வகையைப் பயின்றோர், இரத்தினச் சுருக்கம் தூதுக்குரிய பொருள்களாகப் பத்தினை வகுத்துரைத்திருப்பதை அறிவர். அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்பன அவை. தூது நூல்களிலே தலைவி முதலில் தான் தேர்ந்துகொண்ட தூதுப் பொருளின் பெருமையை விரிவாகப் பேசுவாள். ஏனையவை தூது செல்வதற்கு ஏன் தகுதியற்றவை என்பதற்குக் காரணங்களும் அடுக்குவாள். இத்தனைக்கும் பிறகு சொல்லியனுப்பப்படும் செய்தி மிகச் சிறியது. தலைவனிடம் மாலை வாங்கி வா என்பதே பெரும்பாலும் அதன் சாரம். தூது செல்வதன் பெருமை, தூதின் உள்ளடக்கத்தை ஏறத்தாழ விழுங்கிவிட்ட இலக்கிய வடிவம் இது.

இன்று உடனடிச் செய்திச் சேவைகளை ஒப்பிட்டு எழுதப்படுவன பலவும் இம்மரபினின்றும் அதிகம் விலகியனவல்ல. வட்ஸ்அப்பில் ஒரு குழுவிலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கலாம். ரெலிகிராமிலோ இரண்டு இலட்சம் பேர் இருக்கலாம். வைபரிலே ஒட்டுப்படங்கள் மிகுதி. இமோ இணைப்பு நலிவுற்ற இடத்திலும் இயங்கும். சிக்னல் இரகசியங் காக்கும் என்றவாறு தூதுப் பொருளின் பெருமையே பேசப்படுகிறது. அனுப்புவோர் யார், பெறுவோர் யார், அவர்களுக்கிடையே உள்ள தூரம் எதனால் உண்டாயிற்று, அத்தூரத்தைக் கடப்பதற்கான செலவை எவர் ஏற்கிறார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. பாவனையாளர் என்றொரு பொதுப்பெயர் அவை அனைத்தையும் மூடிவிடுகிறது. வர்க்கமும் ஊரும் பால் வேறுபாடும் அற்ற இந்தப் பாவனையாளர், பூர்ஷ்வாப் பொருளியலாளரின் நூல்களிலே உலவுவதாக மார்க்ஸ் எள்ளி நகையாடிய ரொபின்சன் குரூசோவின் உடன்பிறப்பேயாவார்.

இக்கட்டுரையிலே இச்சேவைகளைப் புளியங்குளத்தில் வைத்து நோக்க முனைகின்றோம். ஏ-9 வீதியிலே, ஓமந்தைக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில், நெடுங்கேணி ஊடாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி பிரியும் சந்தியை மையமாகக் கொண்டது இவ்வூர். நெல்லும் உழுந்தும் கச்சானும் விளையும் உலர்வலயக் கிராமங்கள் சூழ்ந்தது. செய்தி என்பது இங்கு நீண்ட காலம் தடைப்பட்டும் சோதிக்கப்பட்டுமே வந்தது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. 1997இலும் 1998இலும் இராணுவ நடவடிக்கைகளின் நடுவே ஊர் இடம்பெயர்ந்தது. 2002இல் ஏ-9 திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009இன் பேரழிவுக்கும் முகாம் வாழ்வுக்கும் பின்னரே மக்கள் படிப்படியாகத் திரும்பினர். 2011இல் ஓமந்தை வரையும் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும் புகையிரதம் ஓடத் தொடங்கிய காலமும், ரச் போன் என்று ஊரவர் அழைக்கும் கருவி இங்கே பரவிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. கம்பி இணைப்புத் தொலைபேசியைப் பெரும்பாலான வீடுகள் கண்டதேயில்லை. கடிதத்திலிருந்து நேரே உடனடிச் செய்திக்கு வந்துசேர்ந்த சமூகம் இது எனலாம். இடைப்பட்ட கட்டங்களைப் படிப்படியாகக் கடந்துவந்த மேலைத்தேயச் சமூகங்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட தொடர்பியற் கோட்பாடுகள் இங்கு அப்படியே பொருந்தாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அக்கடிதமும் சாதாரணக் கடிதமாக இருக்கவில்லை. யுத்த காலத்திலே பிரிந்த குடும்பங்களுக்கிடையே செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகச் சென்ற செய்திப் படிவங்கள் திறந்த படிவங்கள். குடும்ப நலன் பற்றிய விடயங்களை மட்டுமே அவற்றில் எழுதலாம். சோதனைச்சாவடிகளின் வழியே கையிற் கொண்டு செல்லப்பட்ட கடிதங்களும் மூன்றாவது கண்ணொன்று படிக்கும் என்ற எதிர்பார்ப்புடனேயே எழுதப்பட்டன. நலம், நலமறிய ஆவல் என்ற மரபுத் தொடர் அக்காலத்திலே வெறும் உபசாரமாக நிற்கவில்லை. எவருடைய பெயர் நலம் விசாரிப்பிலே விடுபட்டது, எவரைப் பற்றி இரு தடவை கூறப்பட்டது என்பதைக் கொண்டே செய்தி அறியப்பட்டது. இவ்வாறு மூன்றாமவர் பார்வைக்குத் தப்ப எழுதிப் பழகிய ஒரு மக்கட்கூட்டத்தின் கையிலேதான் இச்சேவைகள் பின்னர் வந்து சேர்ந்தன.

முதலில் வந்தது வைபர். 2010 டிசெம்பரில் வெளியான இச்சேவை, இணையத்தின் வழியே இலவசமாகப் பேசும் வசதியை வட்ஸ்அப்புக்கு நான்காண்டுகளுக்கு மேல் முந்தியே அளித்தது. வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015இலேதான் பரவலாயிற்று. மீள்குடியேற்றம் நிகழ்ந்த ஆண்டுகளும் இவையே. கனடாவிலும் பிரான்ஸிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்த உறவினர், அதுவரை தொலைபேசி அட்டைகளை வாங்கி நிமிடங்களை எண்ணிப் பேசி வந்தவர்கள், ஊருக்கு வரும் ஒருவரின் கையிலே பழைய ரச் போனொன்றைக் கொடுத்தனுப்பினர். பல வேளைகளில் வைபர் அதனுள் ஏற்றப்பட்டே வந்தது. எனவே எந்தச் சேவையைப் பயன்படுத்துவது என்னும் தெரிவு புளியங்குளத்தில் நிகழவில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் நிகழ்ந்தது. இன்றும் முதியவர் சிலர் வெளிநாட்டிலிருந்து வரும் எந்த அழைப்பையும் வைபர் என்றே குறிப்பிடுவதை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு வர்த்தகப் பெயர் புலம்பெயர்ந்த உறவின் பெயராகிவிட்டது. இச்சேவையை 2014இல் ஜப்பானிய நிறுவனமான ரகுட்டன் 900 மில்லியன் டொலருக்கு வாங்கிக்கொண்டதும், அதே ஆண்டில் வட்ஸ்அப்பை ஏறத்தாழ 19 பில்லியன் டொலருக்குப் பேஸ்புக் வாங்கியதும் அவர்களின் கவனத்துக்கு எட்டியிருக்க நியாயமில்லை. ஆனால் அவ்விலைகளுள் அவர்களுடைய பிரிவும் ஒரு கூறாக அடங்கியிருந்தது. பிரிந்தோர் இல்லாதவிடத்து இத்தகைய பண்டத்துக்குச் சந்தை ஏது?

இமோவின் வரலாறு வேறு. தொடக்கத்திலே பல்வேறு செய்திச் சேவைகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் தளமாக இருந்த இது, 2014இல் அப்பணியைக் கைவிட்டுத் தனிச் சேவையாயிற்று. நலிந்த இணைப்பிலும் மலிந்த கருவியிலும் ஒளித்தோற்ற அழைப்பு இயங்கும் என்பதே இதன் சிறப்பாகக் கூறப்படுவது. ஆயினும் புளியங்குளத்துச் சுற்றுவட்டாரத்தில் இமோ எவருடையது என்று வினவினால், மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகவும் சாரதியாகவும் கட்டடத் தொழிலாளியாகவும் சென்றோரின் குடும்பங்களையே சுட்டுவர். வளைகுடா நாடுகள் இணைய அழைப்புகளைக் கட்டுப்படுத்தி வந்தமை பலரும் அறிந்தது. சவூதி அரேபியா 2013 ஜூனில் வைபரைத் தடைசெய்தது. இணைய அழைப்புகள் மீதான தடையை அது தளர்த்தியது 2017இல். ஐக்கிய அரபு இராச்சியம் வட்ஸ்அப் அழைப்பைத் தடுத்து, பொட்டிம் போன்ற அனுமதி பெற்ற சேவைகளுக்கே இடமளித்து வந்தது. அரசுக்குச் சொந்தமான அல்லது அரசு பங்கு கொண்ட தொலைத்தொடர்பு நிறுவனங்களின் அழைப்பு வருமானத்தைப் பேணுவதும் பேச்சைக் கண்காணிப்பதும் இங்கு ஒரே கொள்கையின் இரு முகங்கள். அதனால் ஒரே வீட்டில் வைபர், இமோ, வட்ஸ்அப் என மூன்றும் இருக்கும். மூத்த மகன் லண்டனில், இளைய மகள் குவைத்தில், மருமகன் வவுனியா ஆடைத் தொழிற்சாலையில் என்பதே அதன் பொருள். ஒரு கைத்தொலைபேசியின் முகப்பைப் பார்த்து அக்குடும்பத்தின் உழைப்பு எங்கெங்கே விற்கப்படுகிறது என்பதை ஓரளவு கூறிவிடலாம்.

வெளிநாட்டு உறவு இல்லாதோரும் உளர் என்பதை இவ்விடத்து அழுத்திக் கூறவேண்டும். புலம்பெயர் பணம் வன்னி முழுவதையும் நனைத்தது என்பது யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்க அனுபவத்தைப் பொதுமைப்படுத்துவதால் எழும் மயக்கம். விமானத்துக்குப் பணங்கட்ட இயலாதோரே வன்னியில் அதிகம் எஞ்சினர். அவர்களுக்கு இச்சேவைகள் வெளியுலகின் வாயிலாக வரவில்லை. 2020 மார்ச்சிலே பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர் பாடங்களை வட்ஸ்அப் குறூப்பில் போடத் தொடங்க, ஒரு கட்டாயமாக வந்தன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கருவி; அதுவும் தந்தை கூலி வேலை முடித்து வரும் மாலை வரை வீட்டிலில்லை. அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் வீதியோரத்துக்கு வந்தனர். இன்று கிராம அலுவலரின் அறிவித்தல், கமக்கார அமைப்பின் கூட்டம், நெற் கொள்வனவு விலை, யானை இறங்கிய செய்தி, மரண அறிவித்தல் யாவும் வட்ஸ்அப்பிலேயே வருகின்றன. வட்ஸ்அப் சிறந்தது என்பதால் இது நிகழவில்லை. கைத்தொலைபேசி நிறுவனங்கள் வட்ஸ்அப்புக்கும் பேஸ்புக்குக்கும் யூரியூப்புக்கும் எனத் தனித்தனிப் பொதிகளை விற்கின்றன. முழு இணையத்துக்கும் பணங்கட்ட இயலாதவர் அதன் ஒரு துண்டை வாங்குகிறார். அத்துண்டு எதுவோ அதுவே அவருக்கு இணையம். 2022 செப்டெம்பரிலே கட்டணங்கள் 20 வீதத்தால் உயர்த்தப்பட்டபோது கடைகளில் ரீலோட் போடுவோர் தொகையைக் குறைத்துக்கொண்டனர். முதலிற் கைவிடப்பட்டது வாசிப்பு, கடைசி வரை பிடித்து வைத்திருந்தது செய்திச் சேவைப் பொதி. பழக்கம் என்று நுகர்வியலாளர் கூறுவது பெரும்பாலும் வறுமை எடுத்த முடிவேயாகும்.

மொழி பற்றிய குற்றச்சாட்டொன்றையும் இந்நோக்கிலே பரிசீலிப்பது பயனுடையது. இளைஞர் தமிழை உரோமன் எழுத்திலே எழுதுகின்றனர், தமிழ் அழிகிறது என்ற புலம்பல் எமது மேடைகளிலே நெடுங்காலமாகக் கேட்கிறது. குறுஞ்செய்தி எனப்படும் பழைய எஸ்.எம்.எஸ். முறையிலே ஒரு செய்திக்கு ஆங்கில எழுத்து 160 இடம்பெறலாம். தமிழில் எழுதினால் குறியீட்டு முறை மாறி, அதே செய்தி 70 இடங்களுக்குச் சுருங்கிவிடும். மேலும் உயிர்மெய்யின் குறிகளும் மெய்யின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். புளியங்குளம் என்னும் பெயர் தமிழில் 12 இடங்களைக் கொள்கிறது. உரோமன் எழுத்திலும் 12 இடங்களையே கொள்கிறது. ஆனால் ஒன்று எழுபதில் பன்னிரண்டு, மற்றது நூற்றறுபதில் பன்னிரண்டு. காசு கொடுத்துச் செய்தி அனுப்பிய காலத்திலே தமிழிலே எழுதியவர் இரு மடங்குக்கு மேல் செலுத்தினார். தமிழ் எழுத்துருவே அற்ற மலிவுக் கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உடனடிச் செய்திச் சேவைகள் எழுத்தெண்ணி விலை பெறுவதைக் கைவிட்டபோது இவ்வரி நீங்கியது. ஆனால் பத்தாண்டுப் பயிற்சி விரல்களிலே தங்கிவிட்டது. மொழிப்பற்றின்மை என்று மேடையிலே கண்டிக்கப்பட்டதன் வேரிலே ஒரு விலைப்பட்டியல் இருந்தது.

இனி எமது ஆய்வின் மையமான விடயத்துக்கு வரலாம். சேவைகளின் பல்வேறு வசதிகளுள் வன்னியின் மொழியை உண்மையிலேயே மாற்றியது குரற்செய்தி ஆகும். வொய்ஸ் போடுதல் என்பதே ஊர் வழக்கு. வட்ஸ்அப்பிலே 2013 ஓகஸ்டில் அறிமுகமான இவ்வசதி, விசைப்பலகையில் எழுதத் தெரியாத, இடம்பெயர்வுகளினால் பாடசாலைக் கல்வி அறுந்துபோன தலைமுறையொன்றுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தொலைவிலுள்ளோரோடு நீண்ட உரையைப் பரிமாறும் ஆற்றலை முதன்முறையாகத் தந்தது. கடித காலத்திலே இவர்கள் பிறரைக் கொண்டு எழுதுவித்தார்கள். எழுதியவர் தமது எழுத்து நடையைப் புகுத்தினார். குரற்செய்தியிலோ வன்னிப் பேச்சு அப்படியே செல்கிறது.

பேராசிரியர் கைலாசபதி தமது தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலிலே (1968) வாய்மொழிப் புலவர் வாய்பாடுகளைக் கொண்டே உடனுக்குடன் கவிதை புனைந்தனர் என்பதை நிறுவினார். குரற்செய்தியும் வாய்பாடுகளால் ஆனது. தம்பி, அம்மா கதைக்கிறன் என்று தன்னை அறிவித்தல். சத்தம் கேக்குதோ என்ற வினா. சாப்பிட்டியோ, அங்க குளிரோ என்ற விசாரிப்பு. பின்னர் வயல், மாடு, மழை, கோயில், சாவீடு என்று ஏறக்குறைய மாறாத ஒழுங்கில் ஊர்ச்செய்தி. கடைசியாக, பெரும்பாலும் மிகவும் தாழ்ந்த குரலில், பணத்தேவை. கடிதத்திலே பின்குறிப்பாக வந்ததே இங்கு குரலின் இறக்கமாக வருகிறது. வடிவம் மாறினும் அதனுள் உறையும் சார்பு நிலை மாறவில்லை.

வாய்மொழி மரபுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடொன்று இன்னும் போதிய கவனத்தைப் பெறவில்லை. எமது ஊர்களிலே கதை சொல்பவருக்கு எதிரே ம் கொட்டுபவர் ஒருவர் வேண்டும். அந்த ம் இல்லாவிடில் கதை நகராது. குரற்செய்தியில் ம் கொட்ட எவருமில்லை. ஆயினும் சொல்பவர் அதற்குரிய இடைவெளியை விட்டே பேசுகிறார். கிணறு வத்திப்போச்சு என்று கூறி நிறுத்துகிறார். இரண்டு விநாடி கழித்து, என்ன செய்யிறது என்று தாமே விடை பகர்கிறார். கேட்பவருக்குரிய வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு புதிய தனிமொழி இவ்வாறு உருவாகியுள்ளது. ஒப்பாரியில் இறந்தவரை முன்னிலைப்படுத்திப் பேசும் முறையோடு இதற்குள்ள உறவு விரிவாக ஆராயத்தக்கது.

2021இல் வட்ஸ்அப் நிறுவனம் குரற்செய்தியை ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கும் வசதியைச் சேர்த்தது. ஆறு நிமிடச் செய்தியை மூன்று நிமிடத்திற் கேட்டு முடிக்கலாம். இதனை நுட்ப முன்னேற்றமாகவே எழுதுவோர் எழுதினர். ஐரோப்பிய நகரொன்றில் இரவு உணவகத்திலும் பகல் துப்புரவுப் பணியிலுமாக இரு வேலை செய்யும் மகன், தொடருந்திலே நின்றபடி தாயின் குரலை இரு மடங்கு வேகத்திலே கேட்கிறான். அப்போது முதலில் சுருங்குவன அந்த இடைவெளிகளே. அவனுடைய ம் நிற்கவேண்டிய இடங்களே. இதற்காக அவனைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. விற்கப்பட்ட உழைப்பு நேரத்துக்கு வெளியே அவனுக்கு எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை அந்த அழுத்தி காட்டுகிறது. மழையை எதிர்பார்த்து நிற்கும் சிறு கமக்காரக் குடும்பத்தின் நேரமும் மணிக்கூலியின் நேரமும் ஒரு குரலுக்குள் மோதுவதை இதனிலும் தெளிவாகக் காட்டும் இலக்கியப் பிரதியொன்றை அண்மையில் நாம் படித்ததில்லை. தாய்க்கு இது தெரியாது. வேகம் கேட்பவர் பக்கத்தில் மட்டுமே நிகழ்வது.

அவளுக்குத் தெரிவது நீலக் குறி. செய்தி படிக்கப்பட்டது என்பதைக் காட்டும் இருநீலக் குறியை வட்ஸ்அப் 2014 நவம்பரிலே கொண்டுவந்தது. பணங் கேட்டு வைக்கப்பட்ட செய்தியின் கீழ் நீலம் விழுந்து விடை வராத இரவு, கடித காலத்திலே இருந்ததில்லை. கடிதம் தாமதித்தாற் தபாலைக் குறைகூறலாம், கடவையைக் குறைகூறலாம். அந்த நாகரிகமான பொய்க்கு இடமளித்த தாமதத்தை இவ்வசதி பறித்துவிட்டது. அனுப்புவோரும் பெறுவோரும் இப்போது ஒருவரை ஒருவர் கண்காணிக்கின்றனர். கடைசியாக இணைப்பில் இருந்த நேரத்தை மறைத்துவிடும் வழியைப் புளியங்குளத்துப் பெண்கள் சிலர் நன்கு அறிவர். பலருக்கு அதைக் கற்பித்தது வெளிநாட்டு உறவினரின் பார்வை. நுண்கடன் தவணை கேட்டு வருவோரின் தொல்லையும் சிலருக்குக் கற்பித்தது.

கண்காணிப்பு என்ற சொல் எம்மை அடுத்த விடயத்துக்குக் கொண்டு செல்கிறது. 2016 ஏப்ரலிலே வட்ஸ்அப், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையிலுள்ள எவரும், நிறுவனமேகூட, செய்தியைப் படிக்க இயலாத மறைகுறியீட்டை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. வைபரும் அம்மாதத்திலேயே அதனை அறிவித்தது. மெசெஞ்சரில் இது இயல்புநிலையாக வந்தது 2023 டிசெம்பரில். ரெலிகிராம் இரகசியத்தின் மறுபெயர் என்று எமது இளைஞர் நம்புகின்றனர். உண்மையில் அதன் சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் இத்தகைய மறைகுறியீடு இல்லை, இரகசிய உரையாடல் என்று தனியே திறப்பவற்றுக்கே உண்டு. அறிந்திருக்க வேண்டிய வேறுபாடுதான். ஆனால் வன்னியின் அனுபவத்திலிருந்து நோக்குமிடத்து வேறோர் உண்மை புலப்படும். மறைகுறியீடு சொல்லைக் காக்கிறது. எவர் எவரோடு, எந்நேரத்தில், எத்தனை தடவை தொடர்புகொண்டார் என்னும் உறவை அது காப்பதில்லை. விளம்பர வணிகத்துக்கு வேண்டியது சொல்லைக் காட்டிலும் உறவே. பாதுகாப்புத் துறைக்கும் அதுவே வேண்டும். செஞ்சிலுவைப் படிவத்திலே எல்லோரும் சுகம் என்று எழுதிய தலைமுறை, சொல்லை மறைக்கும் கலையைத் தானாகவே கற்றிருந்தது. மறைக்க முடியாமற் போனது உறவு: யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த நாட்டிலே. இவ்வுறவுத் தரவை மிகக் குறைவாகவே வைத்திருக்கும் சேவை சிக்னல், ஓர் இலாப நோக்கற்ற நிறுவனத்தினுடையது. புளியங்குளத்திலே அதனை நாம் காணவில்லை. உறவினர் எவரும் அதில் இல்லாதபோது அதில் எவரோடு பேசுவது?

ஆகவே மக்கள் தமது வழியைக் கையாளுகின்றனர். அழித்து விடுகின்றனர். வட்ஸ்அப்பிலே குறித்த காலத்தில் தானாகவே மறையும் செய்தி 2020 நவம்பரிலே வந்தது. ஆனால் அழிக்கும் பழக்கம் இங்கு அதற்கு மிகவும் முற்பட்டது. படங்களையும் கடிதங்களையும் மண்ணிலே புதைத்தும் அடுப்பிலே இட்டும் பழகியவர்கள் இவர்கள். முகநூற் பதிவுகளுக்காகவும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுகள் இடம்பெற்றுள்ள நாட்டிலே, 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்ட பிறகு, ஒரு நினைவுநாட் படம் குறூப்பில் வந்து விழுந்ததும் கை தானாகவே அழிப்பை நாடுகிறது. மறுபுறத்திலே, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தொடர் போராட்டம் நடத்தி வந்துள்ளனர். அவர்கள் கையிலே ஏந்தியிருப்பவை, அழியாமல் எஞ்சிய படங்கள். அச்சத்தால் அழிப்பதும் நீதிக்காகப் பேணுவதும் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே தாயின் கையில் நிகழ்கின்றன. மறையும் செய்தியைத் தனியுரிமைப் பேறாகக் கொண்டாடும் மேலைத்தேயத் தாராளவாதிகளுக்கு இம்முரண்பாடு விளங்குவது கடினம்.

முன்னனுப்பற் செய்திகளைப் பற்றி இங்கு சுருக்கமாகவே கூறலாம். ஆசிரியர் பெயரற்று, கைமாறுந்தோறும் சிறிது திரிந்து, வாய்பாடுகளால் நிரம்பி வரும் இவற்றை நாட்டார் வழக்காற்றின் புதிய வடிவமெனச் சிலர் வரவேற்பர். இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. நாட்டார் கதை எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை எந்த நிறுவனமும் தீர்மானித்ததில்லை. வட்ஸ்அப்போ 2019 ஜனவரியிலே உலகெங்கும் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே முறையில் முன்னனுப்ப இயலாதவாறு செய்தது. பலமுறை கைமாறிய செய்தியை 2020 ஏப்ரலிலே ஓர் உரையாடலுக்கு மட்டுப்படுத்தியது. வதந்தியின் கொடுமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2018இல் அம்பாறையிலே உணவில் மலட்டு மாத்திரை என்ற பொய் பரவி முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டதும், தொடர்ந்து கண்டி மாவட்டம் பற்றியெரிந்ததும் எமது கண்முன்னே நிகழ்ந்தவை. அரசு அப்போது எடுத்த நடவடிக்கை பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் அனைத்தையும் ஒரு வாரமளவில் முடக்கியமையாகும். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை அடுத்து 2019 ஏப்ரலிலும், மக்கள் எழுச்சியின்போது 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அது மீண்டும் நிகழ்ந்தது. திகனையிலே வீடுகள் எரிந்தமைக்காகப் புளியங்குளத்துத் தாயொருத்தி மகனின் குரலைக் கேளாதிருந்தாள். தடை எல்லாச் சேவைகளையும் சமமாகவே பாதித்தது என்பர். சாதாரண வெளிநாட்டு அழைப்புக்குப் பணங் கட்டக்கூடியவரை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

சந்தியிலே கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் நாம் சில பொழுதுகள் அமர்ந்திருந்தோம். திரை உடைந்தவை, நீர் புகுந்தவை, மின்னேற்றியே எரித்தவை எனக் கருவிகள் வந்துகொண்டேயிருந்தன. கடைக்காரரிடம் வாடிக்கையாளர் முதலிற் கேட்பது விலையை. அடுத்துக் கேட்பது உள்ளே இருக்கிற வொய்ஸ் போயிடுமோ என்பது. எண்ணையும் படங்களையும் மீட்டுவிடுவது பற்றி அவர் உறுதியாகப் பேசினார். குரலைப் பற்றிப் பேசுகையில் அவ்வளவு உறுதி இல்லை. பலரும் தமது பழைய செய்திகளை வேறிடத்திற் சேமித்து வைப்பதில்லை. அதற்கு டேட்டா வேண்டும்.

எமது தமிழ்ச் சங்கங்கள் நாட்டார் பாடல்களை ஒலிநாடாவிலே பதிவு செய்த ஒரு காலம் இருந்தது. இக்குரற்செய்திகளையும் அவ்வாறு சேகரிக்கவேண்டும் என்ற எண்ணத்துடனேயே நாம் இவ்வூருக்குச் சென்றோம். வயது முதிர்ந்த பெண்ணொருவர் தம் மகனுக்கு அனுப்பிய செய்திகளுள் ஒன்றை எமக்குப் போட்டுக் காட்டினார். ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். இடைவெளிகளிலே நாம் எம்மை அறியாமலே ம் கொட்டினோம், அவர் சிரித்தார். அதன் பிரதியை ஆய்வுக்குத் தரலாமா என்று வினவியபோது, தனது குரலைப் பற்றித் தனக்கு ஆட்சேபமில்லை என்றார். ஆனால் அதிலே மகன் வேலை செய்யும் இடத்தின் பெயர் இருக்கிறது. அவனுக்கு இன்னும் விசா உறுதியாகவில்லை. அந்தப் பெயர் வரும் பகுதியை நீக்கிவிடலாமே என்றோம். அவர் சற்று யோசித்து, அப்ப நான் இன்னொருக்கா சொல்லித் தாறன், பேர் இல்லாமல் என்றார். கருவியை வாங்கி, பொத்தானை அழுத்திக்கொண்டு, தம்பி, அம்மா கதைக்கிறன் என்று தொடங்கினார்.